டிரைவர் மீது விழும் பழி

ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன், கணினியில் தெரியவில்லை என்று கடைக்கு எடுத்துப் போகிறவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "டிரைவர் பிராப்ளம் சார்." பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் இன்றும் பொருந்துகிற பதில்தான் அது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கும் 2000ஆம் ஆண்டு வரை பொருந்தியது. அதற்குப் பின் வந்த இயங்குதளங்களில் டிஸ்க்குக்கு டிரைவர் இல்லாமல் போவது அபூர்வம். ஆனாலும் டிஸ்க் தெரியாமல் போகிறது. பாதி காப்பியில் அறுந்துபோகிறது. படிக்க விடுகிறது, எழுத விடுவதில்லை. ஒரு கணினியில் நிரம்பி வழிந்த டிஸ்க் இன்னொன்றில் காலி என்கிறது. இவற்றுக்குக் காரணம் தேடிப் போனால் டிரைவரைத் தாண்டி இரண்டு இடங்களில் போய் நிற்போம். ஒன்று, டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன சிப். மற்றொன்று, டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டிருக்கும் ஃபைல் சிஸ்டம். முதலாவதில் இருப்பது பொறியியல் சிக்கல். இரண்டாவதில் இருந்ததில் பெரும்பகுதி காப்புரிமைச் சிக்கல், வணிகச் சிக்கல்.

முதலில் டிரைவர் உண்மையிலேயே தொல்லையாக இருந்த காலம். தொண்ணூறுகளின் நடுவில் ஐயோமெகா நிறுவனத்தின் ஸிப் டிரைவ் பெரும் புழக்கத்தில் இருந்தது. ஒரு தட்டில் 100 மெகாபைட். அதன் ஒரு வகையைப் பிரிண்டர் செருகும் பேரலல் போர்ட்டிலேயே மாட்டலாம். பிரிண்டருக்காக உண்டான வழியில் டிஸ்க்கை ஓட்டுவதற்கு டாஸுக்கு ஒரு டிரைவர், விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸில் தன்னார்வலர்கள் எழுதிய 'பிபிஏ' என்று ஒன்று வேண்டியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த பேரலல் கம்பிக்குள் ஓடியது ஸ்கஸி கட்டளைகள்தான். கணினிகள் டிஸ்க்குகளோடு பேச 1986-இல் தரப்படுத்தப்பட்ட மொழி ஸ்கஸி. "இத்தனையாவது கட்டத்திலிருந்து இத்தனை கட்டங்களைக் கொடு", "உன் கொள்ளளவு எவ்வளவு" என்ற அளவில் இருக்கும் எளிய மொழி. கம்பி மாறிக்கொண்டே இருந்தது, மொழி மாறவில்லை. பின்னால் வந்த தீர்வு இங்கேயே ஒளிந்திருந்தது.

யூஎஸ்பி 1996-இல் வந்தது. விண்டோஸ் 98 யூஎஸ்பியை அறிந்திருந்தது. ஆனால் யூஎஸ்பி டிஸ்க் என்ற பொருளை அறிந்திருக்கவில்லை. டிஸ்க் வாங்கினால் கூடவே ஒரு சிடியோ ஃப்ளாப்பியோ வரும். நண்பர் வீட்டுக் கணினியில் ஃபைல் காப்பி செய்ய வேண்டுமானால் டிஸ்க்கோடு அந்தச் சிடியையும் கொண்டுபோக வேண்டும். இடம்விட்டு இடம் கொண்டுபோகத்தான் எக்ஸ்டர்னல் டிஸ்க் என்பதால் இது அபத்தமான ஏற்பாடு. விண்டோஸ் என்டி 4-இல் அதிகாரபூர்வமான யூஎஸ்பி ஆதரவே கிடையாது. ஆப்பிள் உலகம் யூஎஸ்பியைவிட ஃபயர்வயரை நம்பியது. நொடிக்கு 400 மெகாபிட் ஓட்டிய அந்த வழி, யூஎஸ்பியின் அன்றைய 12 மெகாபிட்டுக்கு முன்னால் எங்கோ உயரத்தில் இருந்தது. 2001-இல் வந்த முதல் ஐபாடும் ஃபயர்வயரில்தான் செருகப்பட்டது.

1999-இல் யூஎஸ்பி அமைப்பு வெளியிட்ட ஒரு சிறிய ஆவணம் சிடிகளுக்கு முடிவு கட்டியது. 'மாஸ் ஸ்டோரேஜ் கிளாஸ்' என்ற வகுப்புக்கான 'பல்க்-ஒன்லி டிரான்ஸ்போர்ட்' முறை அது. எந்த நிறுவனத்தின் டிஸ்க்காக இருந்தாலும் செருகியவுடன் "நான் 08ஆம் வகுப்பு" என்று அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் எல்லோருக்கும் பொதுவான ஒரே டிரைவர் போதும். கணினி 31 பைட் நீளமுள்ள உறை ஒன்றில் ஸ்கஸி கட்டளையை வைத்து அனுப்பும். தரவு போகும் அல்லது வரும். டிஸ்க் 13 பைட்டில் "முடிந்தது" என்றோ "முடியவில்லை" என்றோ பதில் சொல்லும். அவ்வளவுதான். விண்டோஸ் 2000-உம் விண்டோஸ் மில்லேனியமும் இதற்கான டிரைவரை உள்ளேயே வைத்துக்கொண்டு வந்தன. லினக்ஸில் மேத்யூ தர்ம் வளர்த்தெடுத்த 'யூஎஸ்பி-ஸ்டோரேஜ்', 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலில், அதாவது அதன் மையநிரலில், இருந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பென் டிரைவிலிருந்து டிஜிட்டல் கேமரா வரை இந்த ஒற்றை ஏற்பாட்டின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. கணினி வரலாற்றில் இவ்வளவு சிறிய தரநிலை இவ்வளவு தொல்லையைத் தீர்த்தது அரிது என்பது என் கணிப்பு.

தரநிலை எழுதப்பட்டுவிட்டால் எல்லோரும் அதன்படி நடப்பார்கள் என்று நினைத்தவர்கள் பிறகு பட்ட பாடு லினக்ஸ் கெர்னலில் பதிவாகியிருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க், கணினிக்குள் மாட்டும் டிஸ்க்குகளின் சாட்டா மொழி பேசும். கணினி யூஎஸ்பி வழியாக ஸ்கஸி பேசும். நடுவே நின்று மொழிபெயர்ப்பது பிரிட்ஜ் சிப். ஜேமைக்ரான், ஏஎஸ்மீடியா, ஜெனிசிஸ் லாஜிக் போன்ற தைவான் நிறுவனங்கள் செய்யும் மலிவான சில்லு. கும்பினி காலத்துத் துபாஷியைப் போல இருபக்கமும் இதை நம்பியாக வேண்டும். இது தப்பாகச் சொன்னால் இருபக்கத்துக்கும் தெரியாது. கெர்னலின் மூலநிரலில் 'அன்யூஷுவல் டெவ்ஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. முறைதவறி நடக்கும் கருவிகளின் நீண்ட பட்டியல் அது. ஒவ்வொரு கருவியின் அடையாள எண்ணும், அதனிடம் எப்படிப் பழக வேண்டும் என்ற குறிப்பும், பல இடங்களில் அதைக் கண்டு தெரிவித்தவரின் பெயரும் இருக்கும்.

அதில் எனக்குப் பிடித்த குற்றம் கொள்ளளவு பற்றியது. கொள்ளளவைக் கேட்டால் டிஸ்க் தன் கடைசிக் கட்டத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது விதி. கட்டங்களைச் சுழியிலிருந்து எண்ணுவதால் ஆயிரம் கட்டங்கள் உள்ள டிஸ்க் 999 என்று சொல்ல வேண்டும். பல சிப்கள் ஆயிரம் என்று சொல்லிவிடுகின்றன. கணினி அதை நம்பி இல்லாத ஆயிரத்தோராவது கட்டத்தைக் கேட்கும்போது சில கருவிகள் பிழை என்று பதில் சொல்வதோடு விடாமல் அப்படியே உறைந்துபோகின்றன. செருகிய நொடியில் டிஸ்க் செத்துப்போவதாகப் பயனாளிக்குத் தெரியும். காரணம் ஒன்றைக் கூட்டிச் சொன்ன சிப். இன்னொன்று, "நீ யார்" என்ற முதல் விசாரணை. அதற்கு 36 பைட்டுக்கு மேலோ கீழோ பதில் கேட்டால் பல கருவிகள் மூச்சுத் திணறுகின்றன. விண்டோஸ் 36 கேட்கிறது; தயாரிப்பாளர்கள் விண்டோஸில் மட்டும் சோதித்துவிட்டுப் பெட்டியை மூடிவிட்டார்கள். லினக்ஸும் 36 மட்டுமே கேட்கக் கற்றுக்கொண்டது. எழுதப்பட்ட தரநிலை ஒன்று, விண்டோஸின் நடத்தை என்ற எழுதப்படாத தரநிலை இன்னொன்று. சந்தையில் செல்லுபடியானது இரண்டாவது.

யூஎஸ்பி 3.0 வந்ததும் கதை இன்னொரு சுற்று ஓடியது. பழைய முறையில் ஒரு கட்டளை முடிந்தால்தான் அடுத்தது. நொடிக்கு 5 கிகாபிட் ஓட்டக்கூடிய கம்பியில், அதுவும் எஸ்எஸ்டி செருகினால், இந்தக் காத்திருப்பே பெரிய வீண். யூஏஎஸ் என்ற புதிய முறை பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வரிசையில் போட விட்டது. விண்டோஸ் 8 அதற்கான டிரைவரோடு 2012-இல் வந்தது. லினக்ஸில் அது ஒழுங்காகப் புழக்கத்துக்கு வந்தது 2014-இல், 3.15 கெர்னலில், ஹான்ஸ் டி கூடே செப்பனிட்ட பிறகு. உடனே பழைய வியாதி திரும்பியது. ஏஎஸ்மீடியாவின் 1051 என்ற சிப் யூஏஎஸ்ஸில் தவறாக நடக்கிறது. 1053 சரியாக நடக்கிறது. ஆனால் 1051-உம் தொடக்கக்கால 1053-உம் ஒரே அடையாள எண்ணைக் காட்டுகின்றன. ஆகவே ஒரே நேரத்தில் எத்தனை தரவு ஓடைகளை (ஸ்ட்ரீம்) ஏற்பதாகச் சிப் சொல்கிறது என்று பார்த்து, இது இன்ன சிப்தான் என்று கெர்னல் ஊகிக்க வேண்டியதாயிற்று. ராஸ்பெர்ரி பை 4 வாங்கி அதில் எஸ்எஸ்டி மாட்டியவர்களில் பலர், கெர்னல் தொடங்கும் வரியில் யூஏஎஸ்ஸை அணைக்கும் குறிப்பை எழுதிச் சேர்த்த பிறகே நிம்மதி அடைந்தார்கள். வேகத்துக்காக வாங்கியவர்கள் வேகத்தைக் கொடுத்து நிலைத்தன்மையை வாங்கினார்கள். டிரைவர் இருந்தது, நன்றாகவே இருந்தது. சிப்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை.

துபாஷி நல்லெண்ணத்தோடு சொன்ன பொய்யும் உண்டு. பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் முறையில் கட்ட எண்ணுக்கு 32 பிட் மட்டுமே. ஒரு கட்டம் 512 பைட் என்றால் உச்சவரம்பு ஏறக்குறைய 2.2 டெராபைட். அதைத் தாண்ட ஜிபிடி என்ற புதிய முறை இருந்தது. 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது புரியாது. 2010-இல் 3 டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் கடைக்கு வந்தபோது உலகின் பெரும்பகுதி இன்னும் எக்ஸ்பியில் இருந்தது. என்ன செய்தார்கள் என்றால், பிரிட்ஜ் சிப்பை விட்டு "ஒரு கட்டம் 4096 பைட்" என்று சொல்ல வைத்தார்கள். எட்டு சின்னக் கட்டங்களைச் சேர்த்து ஒரு பெரிய கட்டமாகக் காட்டும் வித்தை. 32 பிட் எண்ணே போதும், வரம்பு எட்டு மடங்கு நீள்கிறது, எக்ஸ்பியும் மகிழ்ச்சி.

தொல்லை சில ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. பெட்டியின் யூஎஸ்பி போர்ட் உடைந்ததும் டிஸ்க்கை வெளியே எடுத்துக் கணினிக்குள் நேரடியாகச் சாட்டா கம்பியில் மாட்டுகிறார்கள். இப்போது ஒரு கட்டம் மறுபடி 512. பார்ட்டிஷன் அட்டவணையில் எழுதியிருக்கும் எண்கள் அதே எண்கள். ஆனால் அவை சுட்டும் இடம் எட்டில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது. டிஸ்க் காலி, ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கிறது. தரவு முழுதும் அங்கேயேதான் இருக்கும். "சரி" அழுத்தியவர்கள் எத்தனை பேரோ. அதே பொய்யைச் சொல்லும் இன்னொரு பெட்டிக்குள் வைத்தால், அல்லது லினக்ஸில் கட்ட அளவை 4096 என்று சொல்லித் திறந்தால், எல்லாம் திரும்ப வரும். சில மாடல்களில் இதற்கும் வழியில்லை. பாஸ்வேர்ட் போடாவிட்டாலும் சிப்பே எல்லாவற்றையும் மறைகுறியாக்கி எழுதும் டிஸ்க்குகள் உண்டு. அந்தச் சிப் போனால் சாவியும் போயிற்று. இரண்டரை அங்குல டிஸ்க்குகள் பலவற்றில் இன்று சாட்டா போர்ட்டே கிடையாது, யூஎஸ்பி போர்ட் டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக: யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் டிஸ்க் அதற்கு மேல் கேட்கலாம். கிடைக்காவிட்டால் டக் டக் என்று தட்டிவிட்டு அணைந்து மறுபடி எழும். திரையில் இதுவும் டிரைவர் கோளாறு போலவே தெரியும். நீளமான மலிவுக் கேபிளை மாற்றினாலே பாதி கேஸ் தீர்ந்துவிடும்.

உண்மையாகவே டிரைவர் கேட்கும் டிஸ்க்கும் ஒன்று உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில மாடல்களைச் செருகினால் டிஸ்க்கோடு கூடவே 'எஸ்இஎஸ் டிவைஸ்' என்று இன்னொரு கருவி தோன்றி, அதற்கு டிரைவர் இல்லை என்று விண்டோஸ் மஞ்சள் முக்கோணம் காட்டும். பெட்டியை நிர்வகிப்பதற்கான துணைக் கருவி அது. அந்த டிரைவர் இல்லாமலே டிஸ்க் ஓடும். ஆனால் மஞ்சள் முக்கோணத்தைக் கண்டவர்கள் டிஸ்க்குக்கே டிரைவர் இல்லை என்று முடிவு கட்டி இணையத்தில் தேடப் போகிறார்கள். அங்கே டிரைவர் என்ற பெயரில் கிடைக்கும் குப்பைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

இனி ஃபைல் சிஸ்டம். டிஸ்க் தெரிகிறது, கட்டங்களைப் படிக்க முடிகிறது. கட்டங்களுக்குள் ஃபைல்கள் எந்த முறையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று தெரியாவிட்டால் பயனில்லை. எல்லா இயங்குதளங்களுக்கும் தெரிந்தது ஃபேட்32. அதில் ஒரு ஃபைல் 4 கிகாபைட்டைத் தொடக்கூடாது. நீளமான கல்யாண வீடியோ ஒன்று போதும், அந்த வரம்பை முட்ட. விண்டோஸின் ஃபார்மேட் கருவியோ 32 கிகாபைட்டுக்கு மேல் ஃபேட்32 ஆக்கவே மறுத்தது. ஃபேட்32-ஆல் அதைவிடப் பல மடங்கு பெரிய டிஸ்க்கைத் தாங்க முடியும். தொண்ணூறுகளில் அந்த ஃபார்மேட் பெட்டியை எழுதிய டேவ் பிளம்மர், அந்த எண் தான் அப்போதைக்குத் தேர்ந்தெடுத்தது என்று பின்னாளில் சொன்னார். 2024 ஆகஸ்டில் சோதனைப் பதிப்பு ஒன்றில், கட்டளை வரி வழியாக மட்டும், மைக்ரோசாஃப்ட் அதை 2 டெராபைட்டாக உயர்த்தியது. ஒரு பொறியாளரின் ஒரு நாள் தீர்மானம் கால் நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது.

இந்த இடைவெளிக்கு விடையாக எக்ஸ்ஃபேட் 2006-இல் பிறந்தது. பெரிய ஃபைல், பெரிய டிஸ்க், எளிய அமைப்பு. பொறியியலில் குறை சொல்ல அதிகம் இல்லை. உரிமையில்தான் வேலி. 2009 தொடக்கத்தில் பெரிய எஸ்டி கார்டுகளுக்கான எஸ்டிஎக்ஸ்சி தரநிலை எக்ஸ்ஃபேட்டையே தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட், வழிகாட்டிக் கருவிகள் செய்யும் டாம்டாம் மீது, ஃபேட்டின் நீண்ட ஃபைல் பெயர் தொடர்பானவை உட்பட்ட காப்புரிமைகளை மீறியதாக வழக்குப் போட்டது. டாம்டாம் பயன்படுத்தியது லினக்ஸ். சில வாரங்களில் சமரசம் ஆகிவிட்டது என்றாலும் லினக்ஸ்காரர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. ஆப்பிள் உரிமம் பெற்று 2010-இல் மேக்கில் எக்ஸ்ஃபேட்டைச் சேர்த்தது. லினக்ஸ் கெர்னல் தொடவில்லை. டிரைவர் எழுதத் தெரியாமல் அல்ல. 2013-இல் சாம்சங்கின் எக்ஸ்ஃபேட் டிரைவர் நிரல் பொதுவெளியில் கசிந்தது. அதில் லினக்ஸ் உரிமத்தை மீறிய பயன்பாடு இருப்பது தெரியவர, சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்ஸி நடுவில் நின்று பேச, சாம்சங் அதே ஆண்டு அதைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. அப்போதும் கெர்னலில் இடம் கிடைக்கவில்லை. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை வெளியிட்டு லினக்ஸில் சேர்வதை ஆதரிப்பதாக அறிவித்தது. அந்த நவம்பரிலேயே 5.4 கெர்னலில் ஒரு டிரைவர் வந்துவிட்டது, 2020-இல் 5.7-இல் சாம்சங் எழுதிய செம்மையான டிரைவர் அதற்குப் பதிலாக அமர்ந்தது. பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்த வேலை, தடை விலகியதும் மூன்று மாதத்தில் நடந்தது. "லினக்ஸில் டிரைவர் சப்போர்ட் இல்லை" என்று அந்த ஆண்டுகளில் சொல்லப்பட்டதை இந்தக் கணக்கோடு வைத்துத்தான் படிக்க வேண்டும்.

என்டிஎஃப்எஸ் கதை வேறு. அது விண்டோஸ் என்டியோடு 1993-இல் வந்தது. உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் முழுமையாக வெளியிட்டதில்லை. லினக்ஸ் தன்னார்வலர்கள் டிஸ்க்கில் எழுதப்பட்டிருப்பதைப் படித்துப் படித்தே முறையைக் கண்டறிந்தார்கள். 2007-இல் நிலைபெற்ற என்டிஎஃப்எஸ்-3ஜி வந்த பிறகுதான் பயமில்லாமல் எழுத முடிந்தது. பாராகான் நிறுவனம் தான் விற்று வந்த டிரைவரை 2020-இல் கெர்னலுக்கே கொடுக்க முன்வந்து, முதலில் 27,000 வரிகளை ஒரே மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டியது. அதைப் பிரித்து மேய்ந்து சரிசெய்து 2021-இல் 5.15 கெர்னலில் ஏற்றுக்கொண்டார்கள். இந்தப் புதிய டிரைவர் ஒரு விஷயத்தில் கண்டிப்பானது: விண்டோஸில் ஒழுங்காகக் கழற்றாமல் பிடுங்கிய டிஸ்க்கில் 'அழுக்கு' என்று ஒரு குறி இருக்கும், அதைக் கண்டால் திறக்க மறுக்கும். விண்டோஸில் ஒருமுறை மாட்டி டிஸ்க்கைச் சோதிக்க வைத்து முறையாகக் கழற்றினால் போதும். வலுக்கட்டாயமாகத் திறக்கவும் வழியுண்டு. நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

மேக்கில் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கலாம், எழுத முடியாது. எழுதுவதற்கு டிரைவர் விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் கெர்னலுக்குள் நுழையும் வெளி டிரைவரை அனுமதிக்க, பாதுகாப்பு அளவைக் குறைத்து மறுதொடக்கம் செய்ய வேண்டும். 2019-இலிருந்தே ஆப்பிள் டிரைவர்களைக் கெர்னலுக்கு வெளியே துரத்திக்கொண்டிருக்கிறது; தனி டிரைவரை நம்பியிருந்த, பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் பழைய ரெய்டு பெட்டிகள் சில இப்படி அனாதை ஆயின. பொது வகுப்பை நம்பியிருந்த சாதாரண டிஸ்க் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. பெட்டி வாங்கும்போது "கூடவே மென்பொருள் உண்டு" என்று விளம்பரம் செய்வதை நான் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்வேன்.

இரண்டு மூன்று இயங்குதளங்களுக்கு நடுவே அலையும் டிஸ்க்குக்கு இன்று எக்ஸ்ஃபேட்தான் நடைமுறை விடை. அதில் ஜர்னல் கிடையாது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. என்டிஎஃப்எஸ் தான் செய்யப் போவதை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு செய்வதால், நடுவில் கம்பியைப் பிடுங்கினாலும் அடைவு அமைப்பைச் சரிக்கட்டிக்கொள்ளும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விண்டோஸ் 10 தன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்க்குகளுக்கு 'க்விக் ரிமூவல்' என்பதை இயல்பாக்கி, எழுத வேண்டியதை நினைவகத்தில் தேக்கி வைப்பதைக் குறைத்தது. லினக்ஸில் காப்பி முடிந்ததாகத் திரை சொன்ன பிறகும் பாதி தரவு நினைவகத்திலேயே காத்துக்கொண்டிருக்கலாம். எஜெக்ட் என்பது அங்கே சம்பிரதாயம் இல்லை.

இவை எல்லாவற்றையும் தாண்டிப் போகும் வழியாகத் தண்டர்போல்ட்டும் யூஎஸ்பி4-உம் வந்திருக்கின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையையே கம்பி வழியாக வெளியே நீட்டுவதால், தண்டர்போல்ட் எஸ்எஸ்டியைக் கணினி உள்ளே மாட்டிய என்விஎம்இ டிஸ்க்காகவே பார்க்கிறது. நடுவே மொழிபெயர்ப்பு சிப் இல்லை. டிஸ்க்கின் ஆரோக்கியத் தகவலும், அழித்த கட்டங்கள் எவை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளையும் தடையின்றிப் போய்வருகின்றன. ஆனால் அந்தப் பாதை நினைவகத்தை நேரடியாகத் தொடக்கூடிய பாதை. ஃபயர்வயர் காலத்திலேயே இதை வைத்துப் பூட்டிய கணினியின் நினைவகத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். 2020-இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பியோர்ன் ருய்டன்பர்க் 'தண்டர்ஸ்பை' என்ற பெயரில் தண்டர்போல்ட்டின் ஓட்டைகளை வரிசையாக வெளியிட்டார். அதற்கு முன்பே 2018-இல் விண்டோஸ் 10-இல் 'கெர்னல் டிஎம்ஏ புரொடெக்ஷன்' சேர்க்கப்பட்டிருந்தது. அதற்கேற்ற வன்பொருள் உள்ள கணினிகளில், டிரைவர் நினைவக வரையறைக்குக் கட்டுப்பட்டு நடக்கத் தெரிந்ததாக இருந்தால் கருவி உடனே இயங்கும். தெரியாததாக இருந்தால், உரியவர் உள்நுழையும் வரை அல்லது திரைப்பூட்டைத் திறக்கும் வரை கருவி எழாது. அந்த ஓர் இடத்தில் கடைக்காரர் சொல்வது சரியாகவே இருக்கும்.